பொங்கியண்ணன்களின் மனைவிகள்

பொங்கியண்ணன் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு 'ங்க', பால்குடி மறக்காத பிள்ளைக்கும் 'ங்க', பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் 'ங்க'. "நீங்க நிக்கறது என்ற காலுங்க" என்பார், ஏதோ தன் மேல்தான் தப்பு மாதிரி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த காலத்தில் யானை இறங்கி வாழையை முறித்தபோது, தீப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிருங்க சாமி, போயிருங்க" என்றுதான் கத்தினார். யானை போகவில்லை. மரியாதை கொடுப்பது நம் வேலை, போவது அதன் வேலை என்று பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனைக் கொண்டுபோய்ச் சர்வதேசச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினார்கள். தொண்ணூற்றாறாம் வருஷம் நடந்த கூத்து அது.

கிணறு வற்றியதும் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பொங்கியண்ணனும் மனைவி கருப்பாத்தாளும் பீளமேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அவர் கீழே இஸ்திரி போடுவார். அவள் மாடியில் காலர் தைப்பாள். தைத்த சட்டைகளெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போயின. பத்து தேசத்தில் கடை வைத்திருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் இங்கே ஒருவருமில்லை. 'பெரிய கம்பெனி' என்றால் போதும், எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மாடியில் பின்பக்கம் ஒரு கதவு. திறந்தால் இரும்புப் படிக்கட்டு, இறங்கினால் தெரு. சட்டை களவு போய்விடும் என்று அந்தக் கதவை எந்நேரமும் பூட்டியே வைத்திருந்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் மோட்டார் கருகி மாடி முழுக்கப் புகை சூழ்ந்தது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். தட்டினார்கள், இடித்தார்கள், கதவு அசையவில்லை. திரும்பி முன்படிக்கு ஓடியபோது ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். அடியில் சிக்கியவள் கருப்பாத்தாள். மணிக்கட்டு முறிந்தது. சாயங்காலம் பலகையில் எழுதிப் போட்டார்கள்: "இன்றைய சிறு புகையில் சட்டைகளுக்குச் சேதம் ஏதுமில்லை. அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி."

மணிக்கட்டு கோணலாகக் கூடியது. கருப்பாத்தாள் அதே மெஷினுக்கு, அதே பூட்டிய கதவுக்கு முன்னால் திரும்பப் போனாள். அன்றிலிருந்து பொங்கியண்ணனின் உயிர் மாடியில்தான் இருந்தது. தலைக்கு மேல் மெஷின் சத்தம் சற்றே நின்றாலும் போதும், இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். இதனால் சில சட்டைகள் கருகின. அதற்கு மட்டும் அன்றைக்கே விசாரணை வந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டவர் மேனேஜர் பாலகோபால். போன இடத்திலேயே பொங்கியண்ணன் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க சார், அந்தப் பின்கதவுப் பூட்ட மட்டும் எடுத்துப்போட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

"பொங்கியண்ணா, எனக்கு மட்டும் ஆசையா? அது நம்ம கையில இல்லீங்க. பெரிய கம்பெனி ரூலு. மேல கேக்கோணும்."

"மேலன்னா எங்கீங்க?"

"மேலதானுங்க" என்று பாலகோபால் விரலைத் தூக்கிக் காட்டினார். பொங்கியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கருப்பாத்தாள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்குப் போனார். அங்கே இருந்தவர் கனிவாகவே பேசினார். "கதவுன்னா எங்க டிபார்ட்மெண்டு. பூட்டு எக்ஸ்போர்ட்டுக்காகப் போட்டதுன்னு சொல்றீங்க. அப்ப அது வெளிநாட்டு விவகாரம். நாங்க தொட்டா நாட்டுக்கு நாடு உறவு கெட்டுப்போகும்." தன் மனைவியின் மணிக்கட்டால் இரண்டு நாடுகளுக்குள் மனஸ்தாபம் வந்துவிடக்கூடாதே என்று பொங்கியண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஆபீஸ் வாசலில்தான் வின்ஸ்டன் பிடித்துக்கொண்டார். கோயமுத்தூர்க் கோர்ட்டில் தொழிலாளர் வழக்கு நடத்துகிற வக்கீல். நல்ல மனசு, நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். ஐரோப்பாவில் ஓர் ஏரிக்கரையில் நடந்த மாநாட்டுக்குப் போய் வந்ததிலிருந்து, அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை அவர் கழற்றவேயில்லை.

"அண்ணா, இது வெறும் பூட்டு இல்லை. மனித உரிமை. பன்னாட்டுக் கம்பெனிகளைக் கேள்வி கேட்கவே ஒரு மன்றம் இருக்கு. தொழில் நன்னடத்தை மன்றம். ஏரிக்கரையிலேயே ஆபீஸ்."

"அந்தச் சட்டம் ரொம்பப் பெருசுங்களா?"

"உலகம் பூராவும் செல்லும்."

"அப்ப பீளமேட்டுக்கும் வருமுங்களா?"

"வரும். கொஞ்சம் டைம் ஆகும்" என்றார் வின்ஸ்டன்.

ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பட்டனை அமுக்கினார். பொங்கியண்ணன் அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "என்ற பேரு பொங்கியண்ணனுங்க. பின்னால இருக்கறது கதவுங்க. பூட்டுனது கம்பெனிங்க. உள்ள மாட்டுனது என்ற பொஞ்சாதிங்க. ஒடஞ்சது கைங்க. அந்த ஒரு பூட்ட மட்டும் எடுத்துப்போடச் சொன்னீங்கன்னா போதுமுங்க."

வின்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் ஒரு வாதமும் வேண்டாம் என்று கேசட்டை அப்படியே ஏரிக்கரைக்கு அனுப்பிவைத்தார்.

தை பிறந்த பிறகு பதில் வந்தது. வின்ஸ்டன் அதைத் தமிழாக்கிப் படிக்கப் படிக்க அவர் குரலே இறங்கிக்கொண்டு போனது. "தங்களைப் 'பொங்கியண்ணன்கள்' என்று அழைத்துக்கொள்ளும் அமைப்பினரின் முறையீடு கிடைத்தது. பல நிறுவனங்கள் பல கதவுகளைப் பூட்டியதாகவும், தங்கள் மனைவிகள் உள்ளே சிக்கிக் கைகள் முறிந்ததாகவும் அமைப்பினர் கூறுகின்றனர். இவ்வளவு பரவலான கொடுமைக்குப் பிறகும் ஒரே ஒரு பூட்டை மட்டும் அகற்றக் கோருவது எமக்கு வியப்பளிக்கிறது. நிறுவனங்களின் பெயர்களையும் மனைவிகளின் எண்ணிக்கையையும் தெரிவிக்கவும்."

சங்கதி வீட்டுக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கருப்பாத்தாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாமா, மத்தவங்கெல்லாம் எந்த ஊருங்க?"

"எந்த மத்தவங்க?"

"உங்க மத்த பொஞ்சாதிமாருங்க."

"அட கெரகமே! மருதமலையான் சத்தியமா எனக்கு ஒருத்திங்க!" என்று பதறினார் பொங்கியண்ணன். அதிலும் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ரசம் வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மன்றத்துக்காகக் கேசட்டை மொழிபெயர்த்த நந்திதா சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவள். அவள் வீட்டுத் தமிழில் வண்டிங்க என்றால் பல வண்டி, பசங்க என்றால் பல பையன். அந்தக் கணக்கில் கம்பெனிங்க என்றால் பல கம்பெனி. நம்மூரில் சும்மா மரியாதைக்கு ஒட்டுகிற வால் அது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

வின்ஸ்டன் விளக்கி எழுதினார். மன்றம் உடனே மறுத்தது. "மன்றத்தின் மொழிபெயர்ப்பில் பிழை நேர்வதில்லை. பிழை இருக்குமானால் அது மூலத்திலேயே இருந்திருக்க வேண்டும். எனினும் நேரில் வந்து ஆராய்வோம்" என்று தேதி குறித்தது. இதற்குள் பேச்சு பொள்ளாச்சி வரைக்கும் பரவி, மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கும் இன்னொரு பொங்கியண்ணன் தன்னையும் அமைப்பில் சேர்த்துக்கொள்ளும்படி பஸ் ஏறி வந்துவிட்டார். எண்ணிக்கை கூடினால் வழக்குக்கு வலு என்று வின்ஸ்டன் ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தார். பாவம், அவரையும் என்ன சொல்வது.

விசாரணைக்கு முந்தின நாள் நந்திதா வந்து சேர்ந்தாள். பொங்கியண்ணன் பேசுவதை நேரில் கேட்ட மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ சார், தப்பு என்னோடதுதான். ஆனா ரெக்கார்டுல ஏறினதை மாத்த முடியாது. நீங்க நாளைக்கு 'ங்க' போடாம பேசிடுங்க. மன்றத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு இந்தச் சத்தத்தை மட்டும் நல்லா மனப்பாடம் பண்ணிட்டார்."

"ங்க போடாமலுங்களா?" என்றார் பொங்கியண்ணன். வேட்டி இல்லாமல் வரச் சொன்னது போல இருந்தது அவருக்கு.

வீட்டில் கருப்பாத்தாளை எதிரே உட்கார வைத்துப் பழகிப் பார்த்தார். "பூட்டுனது கம்பெனி" என்பார். உதடு துடிக்கும். நாக்கு தானாகப் புரண்டு 'ங்க'வில் போய் நிற்கும். "இருங்க, நாஞ்சொல்லிக் காட்டறேன்" என்று கருப்பாத்தாள் ஆரம்பித்தாள். அவளுக்கும் 'ங்க'தான் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் தன் கோணல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் விசாரணை. குளிரூட்டிய கூடம், நீள மேஜை, நடுவில் தலைவர். வெளுத்த தலை, வெளுத்த முகம், சாந்தமான குரல். அவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் பெயர்ப் பலகை, தண்ணீர்ப் பாட்டில், பூச்செண்டு. அது பெரிய கம்பெனிக்கான நாற்காலி. பொங்கியண்ணன் அதற்கும் குனிந்து, "வணக்கமுங்க" என்றார்.

"இவுரு எப்ப வருவாருங்க?" என்று நந்திதாவிடம் கேட்டார்.

"அவர் வரமாட்டார் சார். ஆனா இருக்கார்னு வெச்சுக்கணும்."

சாட்சியம் ஆரம்பித்தது. "என்ற பேரு பொங்கியண்ணன்" என்றார். வால் இல்லை. தலைவர் தலையசைத்தார். "பின்னால இருக்கறது கதவு." வின்ஸ்டன் கையைப் பிசைந்தபடி நாற்காலி நுனிக்கு வந்தார். "பூட்டுனது" என்று சொல்லிவிட்டுப் பொங்கியண்ணன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். பூச்செண்டெல்லாம் வைத்திருக்கிறார்கள், யாரோ பெரிய மனுஷர், வந்து உட்காரக்கூட நேரமில்லாதவர். அவரைப் போய் மொட்டையாக எப்படிச் சொல்வது? "கம்பெனி" என்றார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ங்க" என்று முடித்தார்.

"பன்மை" என்றார் தலைவர், பேனாவைத் திறந்து.

நந்திதா எழுந்து, அது எண்ணிக்கை இல்லை, மரியாதை என்று மன்றாடினாள். தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவனுக்கு ஒருவன் மரியாதை கொடுப்பான் என்பதை எந்த மன்றம் நம்பும் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில், வாதத்துக்காக ஒரே நிறுவனம் என்று வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். வைத்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, சர்வதேசச் சட்டம் அரசுகளைத்தான் பார்க்கும். நிறுவனம் அரசு அல்ல. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பூட்டைப் போட முடியுமா? சரக்கு வாங்கும்போது அது ஒரு நபர். லாபம் பெறும்போது நபர். தன் பெயருக்குக் களங்கம் என்று வழக்குப் போடும்போது மிகவும் மென்மையான நபர். பதில் சொல்லும் வேளையில் மட்டும் அது நபர் அல்ல. இந்த நுட்பத்தை உருவாக்க நாங்கள் இருபது ஆண்டுகளாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறோம். ஏரி மிக அழகானது. எங்கள் நெறிமுறைகளும் அப்படித்தான், யாரையும் கட்டாயப்படுத்தாதவை. நிறுவனம் வாலண்டரியாகப் பின்பற்றலாம்."

"வாலண்டரின்னா என்னங்க?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"இஷ்டப்பட்டா செய்யறது" என்றாள் நந்திதா.

"இஷ்டமில்லீங்கன்னா?"

நந்திதா அதையும் மொழிபெயர்த்துக் கேட்டாள். "அதுவும் வாலண்டரிதான்" என்று தலைவர் சொன்னார்.

பிறகு அந்தப் பூட்டைப் பார்வைக்கு வைத்தார்கள். பூட்டு இங்கே வந்துவிட்டதால் அங்கே அன்றைக்கு மட்டும் கதவைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாலகோபால் பூட்டை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார்.

"இது திண்டுக்கல் பூட்டுங்க."

"திண்டுக்கல் எந்த நாட்டில் இருக்கிறது?" என்றார் தலைவர்.

"இங்கதானுங்க, பழனி தாண்டி."

தலைவர் முகம் மலர்ந்தது. பூட்டு உள்நாட்டுத் தயாரிப்பு. கதவு உள்நாட்டு மரம். முறிந்த மணிக்கட்டும் உள்நாட்டைச் சேர்ந்ததே. பன்னாட்டுத் தன்மை உடைய எதுவும் இந்தச் சம்பவத்தில் இல்லை. ஆகவே முறையீடு தள்ளுபடி. ஆனால் பதில் சொல்லும் கடமை இல்லாதபோதும் ஒரு நாற்காலியை முன்பதிவு செய்து ஒத்துழைத்த பெரிய கம்பெனிக்கு மன்றம் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வழங்கும்.

"அப்ப பூட்டுங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"பூட்டுகள்" என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

சான்றிதழ் மாட்டும் விழா மறுநாளே மாடியில் நடந்தது. எங்கே மாட்டுவது என்று பாலகோபால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரெல்லாம் ஜன்னல், ஒயர், சுவிட்சுப் பெட்டி. அகலமாக, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது அந்தப் பின்கதவு ஒன்றுதான். பூட்டும் திரும்ப வந்து அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணிக்கும் சுத்தியலுக்கும் சொல்லி அனுப்பினார்கள். முறையீட்டாளரே தூக்கிப் பிடித்தால் நல்லிணக்கத்துக்கு அடையாளமாக இருக்கும் என்று தலைவர் விரும்பியதால், சான்றிதழைப் பொங்கியண்ணனிடம் கொடுத்தார்கள். இப்படியாகச் சர்வதேசச் சட்டம் கடைசியில் அவர் கைக்கே வந்து சேர்ந்தது. தேக்குச் சட்டம், கண்ணாடி போட்டது, நல்ல கனம்.

"ஒரு விஷயம். மாட்டுனதுக்கப்பறம் யாரும் இந்தக் கதவுகிட்டயே வரக்கூடாது. கண்ணாடி ஒடஞ்சுபோகும்" என்று பாலகோபால் அறிவித்தார்.

தச்சர் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

கருப்பாத்தாள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். ஆணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நுழைந்து, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஆணி அடிக்காத" என்றாள்.

பாலகோபால் காத்திருந்தார். அவருக்கு அந்த வாக்கியம் இன்னும் முடிந்த மாதிரி இல்லை. மீதி வரும் என்று நின்றார். வரவில்லை.

"என்னம்மிணி சொன்னீங்க?"

"பூட்ட எடு."

பக்கத்து வரிசையில் ராசாத்தாள் மெஷினை நிறுத்தினாள். "பூட்ட எடு" என்றாள். அடுத்தவள் நிறுத்தினாள். அவளுக்கு அடுத்தவளும் நிறுத்தினாள். யாரும் கத்தவில்லை. கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக அடங்க அடங்க, அந்த இரண்டு வார்த்தை மட்டும் ஒவ்வொரு வாயாக வந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மரியாதை தவிர வேறெதுவும் காதில் விழாத பாலகோபால், அடி வாங்கியவர் மாதிரி வெளுத்துப்போனார்.

தலைவர் நந்திதா பக்கம் சாய்ந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். ஒருமையா, பன்மையா என்று கேட்டார்.

"சொல் ஒருமை. சொல்றவங்க பன்மை" என்றாள் நந்திதா.

பொங்கியண்ணன் சட்டத்தைக் கீழே இறக்கி, சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். கருப்பாத்தாளின் பக்கத்தில் போய் நின்றார். வாட்ச்மேன் ஈஸ்வரமூர்த்தி சாவிக்கொத்தோடு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் பொங்கியண்ணனுக்குத் தினம் டீ வாங்கிக் கொடுக்கிற சிநேகிதர்.

"எடு" என்றார் பொங்கியண்ணன். தன் நாக்கு அடுத்து என்ன செய்யப்போகிறதோ என்று அவரே பயந்துகொண்டிருந்தார். அது ஒன்றும் செய்யவில்லை.

ஈஸ்வரமூர்த்தி பாலகோபாலைப் பார்த்தார். பாலகோபால் மேலே பார்த்தார். மாடிக்கு மேல் கூரைதான் இருந்தது. கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. சாவி திரும்பியது. துருப்பிடித்த கீல் முனகிக்கொண்டு திறக்க, தெருக் காற்று உள்ளே வந்து, வெட்டிப் போட்டிருந்த துணித் துணுக்குகளையெல்லாம் கிளப்பிவிட்டது.

சித்திரையில் மன்றத்தின் ஆண்டறிக்கை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வின்ஸ்டன் கழுத்து அட்டை ஆட ஆட ஓடி வந்து, பெண்களெல்லாம் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்த அந்த இரும்புப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தார். "மன்றத்தின் சீரிய வழிகாட்டுதலால் நிறுவனம் வாலண்டரியாகப் பூட்டுகளை அகற்றியது. பொங்கியண்ணன்களின் மனைவிகள் உடனிருந்து மகிழ்ந்தனர். இது சர்வதேசச் சட்டத்தின் மாபெரும் வெற்றி." இதைப் பற்றி உரையாற்ற வின்ஸ்டனை ஏரிக்கரைக்கு மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள்.

பொங்கியண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னமும் மனைவிகள்னே போட்டிருக்காங்களே. போறபோது அத மட்டும் ஒருத்தின்னு மாத்தச் சொல்லிப்போடுங்க வக்கீல் சார்" என்றார்.

கருப்பாத்தாள் படிகளைப் பார்த்தாள். மேலே ராசாத்தாள், கீழே தெரு வரைக்கும் வரிசையாகப் பெண்கள், மடியில் சோறு, முகத்தில் காற்று.

"இருக்கட்டும் உடுங்க மாமா" என்றாள். "அன்னைக்கு அங்க நின்னது நா ஒருத்தி இல்லீங்களே."